பச்சையா, பிங்க்கா? கூலன்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள்!

சனிக்கிழமை காலை. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாக ஸ்போர்ட்ஸ் காரில் வருகிறீர்கள். மரக்காணம் தாண்டும்வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. புதுச்சேரிக்குள் நுழைந்து, இந்திரா காந்தி சிலையைக் கடந்து, விழுப்புரம் சாலையில் மூலக்குளத்தை நெருங்கும்போது டிராஃபிக். கார் ஊர்கிறது. முள் மட்டும் மேலே ஏறுகிறது!

வேகமாகப் போனபோது வராத சூடு, ஊர்ந்து போகும்போது ஏன் வருகிறது? ஹைவேயில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். டிராஃபிக்கில் ஃபேன் மட்டும்தான் துணை. நெருக்கமாக அடைக்கப்பட்ட டர்போ இன்ஜினில் சூடு வெளியேற வழியும் குறைவு. கூலன்ட் நல்ல நிலையில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

'நம்ம ஊரில் பனியா கொட்டுகிறது? எதற்கு ஆன்ட்டி ஃப்ரீஸ்? தண்ணீரே போதும்' என்பவர்கள் உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. அதோடு, கூலன்ட்டில் இருக்கும் ரசாயனங்கள் அலுமினியம் அரிக்காமல் காக்கின்றன.

அதற்காக கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கிளைக்காலால் முடியாது. கேனில் 'ரெடி டு யூஸ்' என்றிருந்தால் தண்ணீர் சேர்க்கவே கூடாது. 'கான்சென்ட்ரேட்' என்றிருந்தால், மேனுவல் சொல்லும் அளவில் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும்.

சரி, பச்சையா பிங்க்கா? நிறம் என்பது வெறும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான விதி கிடையாது. உங்கள் கார் மேனுவலில் இருக்கும் ஸ்பெசிஃபிகேஷன் எண், கேனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய வகை கூலன்ட்டை சுமார் 2 ஆண்டுகளில் மாற்ற வேண்டும். 'ஓ.ஏ.டி' எனும் ஆர்கானிக் ஆசிட் வகை 5 ஆண்டுகள் வரை உழைக்கும். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும். சில நேரம் கூழாகி அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் என்று இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு சிக்கல். நீளமான குழாய்களில் காற்று சிக்கிக்கொண்டால் கூலன்ட் ஓட்டம் தடைபடும். அதனால் கூலன்ட் மாற்றியதும் காற்றை முழுவதுமாக வெளியேற்றத் தெரிந்த மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

சாலை வரி குறைவு என்பதற்காகவே ஒரு காலத்தில் பல சொகுசு கார்கள் 'பி.ஒய்' பதிவெண் வாங்கின. வரியில் மிச்சம் பிடித்ததை கூலன்ட்டில் கோட்டை விடலாமா? இன்ஜின் கொதித்து சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால், பில் லட்சத்தில்கூட வரலாம்!

மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள்:

* டேங்க்கில் அளவு 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா?
* கூலன்ட் துருநிறத்தில் கலங்கியிருக்கிறதா?
* ஆயில் மூடியில் பால் போன்ற படலம் இருக்கிறதா? ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள்.
* அடிக்கடி குறைகிறதா? ஊற்றிக்கொண்டே இருக்காமல் லீக்கைத் தேடுங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது; கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். ஆறிய பிறகு, வேறு வழியில்லை என்றால் பாட்டில் குடிநீர் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். அங்கே போனதும் கூலன்ட்டை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, கார் இல்லாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். சிறுநீரகத்தைப் பாதித்து உயிரையே பறிக்கும். தெருவில் சிந்தியதை நாய் நக்கலாம். ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்ததைக் குழந்தை குடிக்கலாம். எப்போதும் அதன் கேனிலேயே, பூட்டிய அலமாரியில் வையுங்கள். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.