உங்களுக்குத் தெரியுமா? வாவிக்கரைச் சபைகள்

ஏறாவூரில் பஸ் ஏறி, மட்டக்களப்பு நகரைத் தாண்டி களுவாஞ்சிகுடியில் இறங்கினால் ஆறு சபைகளின் எல்லைக்குள் போய்வந்துவிடுவீர்கள். ஏறாவூர் நகர சபை, ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை, மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி நகர சபை, ஆரையம்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனைப்பற்று, பிறகு மண்முனை தென் எருவில்பற்று. மாவட்டம் முழுவதற்கும் மொத்தம் 12 சபைகள். தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடப் போகுமுன், கம்பம் யாருடைய எல்லையில் நிற்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

*

மட்டக்களப்பு மாநகர சபையாகத் தரமுயர்ந்தது 1967இல். அதை நடத்தும் சட்டம் அதைவிட மூத்தது: 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். சுதந்திரத்துக்கு முந்திய அந்தச் சட்டத்துக்குத் திருத்தங்கள் பல வந்துவிட்டன, எலும்புக்கூடு மட்டும் பழையதுதான்.

*

1994 முதல் 2025 வரையான 31 ஆண்டுகளில் மட்டக்களப்பு மாநகர சபைக்கு எத்தனை தேர்தல் நடந்திருக்கும்? சபையின் ஆயுள் நான்கு ஆண்டு. அந்தக் கணக்கில் ஏழோ எட்டோ வரவேண்டும். நடந்தவை நான்கே: 1994, 2008, 2018, 2025.

முதல் இடைவெளி 14 ஆண்டு. அதற்குப் போர் காரணம். 2008 மார்ச் 10ஆம் தேதித் தேர்தலுக்குப் பின் சிவகீதா பிரபாகரன் மேயரானார், இந்நகரின் முதல் பெண் மேயர். அடுத்த தேர்தலுக்குப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் போரைக் காரணம் சொல்ல முடியாது.

மூன்றாவது இடைவெளிதான் விசித்திரம். 2023 மார்ச் 9இல் நாடெங்கும் தேர்தல் என்று தேதி குறித்து, வேட்புமனுவும் ஏற்றாயிற்று. திறைசேரியில் காசில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். மார்ச் 19ஆம் தேதியோடு பழைய சபைகளும் காலாவதியாயின. தேர்தலை நடத்தாதது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6இல்தான் வாக்களிப்பு நடந்தது. ஜூனில் சிவம் பாக்கியநாதன் மாநகர முதல்வரானார்.

சபை இல்லாத காலங்களில் நகரம் என்ன செய்தது? ஆணையாளரும் செயலாளர்களும் நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, வரி வாங்கப்பட்டது. எந்த வீதி முதலில், எந்த வீதி பிறகு என்று கேள்வி கேட்கத்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. சபைகளை மேற்பார்க்கும் கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டம்பர் முடிவில் கலைந்தது. அன்றிலிருந்து அந்த அதிகாரம் ஆளுநர் கையில். தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம், சென்னை மாநகராட்சியும் 2016 முதல் 2022 வரை இப்படித்தான் கிடந்தது.

*

20 வட்டாரமுள்ள மட்டக்களப்பு மாநகர சபையில் 2018இல் 38 உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். 2017 திருத்தத்துக்குப் பின்னான கலப்பு முறைப்படி 60 சதவீதம் வட்டாரத்திலிருந்து, 40 சதவீதம் பட்டியலிலிருந்து. அப்படிப் பார்த்தால் 33 பேர் போதும். ஆனால் ஒரு கட்சி, தன் வாக்கு விகிதத்துக்குரிய எண்ணிக்கையைவிடக் கூடுதலான வட்டாரங்களை வென்றுவிட்டால் அவற்றைப் பறிக்க முடியாது. சபைதான் பெருக வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 17 ஆசனத்தோடு முதலில் நின்றது, பெரும்பான்மைக்கு மூன்று குறைவு. நாற்காலி கூடியது, ஆட்சி அமைப்பது எளிதாகவில்லை.

*

மாநகர முதல்வர் தேர்வில் இருவர் சமமாக வாக்குப் பெற்றால் முடிவு திருவுளச் சீட்டில்! பகிரங்க வாக்கெடுப்பா, இரகசிய வாக்கெடுப்பா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு நடக்கும்.

பதவிக்கு வந்தபின் கண்டம் டிசம்பரில். பாதீடு இரண்டாவது முறையும் தோற்றால் முதல்வர் பதவி துறந்ததாகவே சட்டம் கொள்ளும். யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் மாநகர முதல்வர் ஆனல்ட் அப்படித்தான் போனார். அதே மாதம் 30ஆம் தேதி நடந்த புதிய முதல்வர் தேர்வில் மணிவண்ணன் அவரையே 21க்கு 20 என்ற கணக்கில் வென்றார். ஒரே ஒரு வாக்கு.

*

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி இத்தனை சபைகள் இருந்தும் வாவி எந்தச் சபையுடையதும் அல்ல. மீன்பிடி கடற்றொழில் திணைக்களத்துக்கு, கரை கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு. கல்லடிப் பாலங்கள்கூட, 1924இன் லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் ஜப்பான் உதவியுடன் திறந்த புதிய பாலம் உட்பட, நெடுஞ்சாலைக் கணக்கில் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம்.

மாரி மழையில் ஆற்றுவாய் வெட்டுவதா, வேண்டாமா என்பதுதான் இப்பகுதியின் உண்மையான பெரிய தீர்மானம். வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. கோடையில் மணல் மூடிவிடும். வெள்ளம் ஏறினால் வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரை வயல்கள் மூழ்கும். வேளாண்மைக்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள். நீர் வேகமாக வடிந்தால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று தோணிக்காரர் தடுப்பார்கள். முடிவெடுப்பது மாவட்டச் செயலகத்தில், நீர்ப்பாசனம், கமநலம், கடற்றொழில், அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகள் கூடி. இரு தரப்பின் வாக்கையும் வாங்கிவந்த சபைத் தவிசாளர்கள் கருத்துச் சொல்லலாம், தீர்மானிக்க முடியாது. இந்த ஒரு விடயத்திலாவது அவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

*

நகரத்துக் குப்பை நகரத்தில் முடிவதில்லை. திருப்பெருந்துறையில் கொட்டியதற்கு அயலவர் எதிர்த்தார்கள், தீயும் பிடித்தது, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. இப்போது வண்டிகள் போவது கொடுவாமடுவுக்கு. அது ஏறாவூர்ப்பற்று எல்லை.

*

அயல் மாவட்டத்தில் ஒரு நகர சபை வர்த்தமானியில் மட்டும் சில நாள் உயிரோடிருந்து போனதுண்டு. கல்முனை மாநகர சபையிலிருந்து பிரித்துத் தனிச் சபை தரவேண்டும் என்று கேட்டு, 2018இல் சாய்ந்தமருது மக்கள் தோடம்பழச் சின்னத்துச் சுயேச்சைக் குழுவுக்கு வாக்கை அள்ளிக் கொடுத்தார்கள். 2020 பெப்ரவரி 14ஆம் தேதி இரவு வர்த்தமானி வந்தது; வெடி கொளுத்திய புகை அடங்குமுன் அது நிறுத்தப்பட்டது. கல்முனைக்கு 2025 மே தேர்தலும் நடக்கவில்லை, வழக்கு.

*

2016க்கு முன் இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. 25 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப் பின் 2018இல் அது இருபதைத் தாண்டியது. இருபத்தைந்தைத் தொடாததற்குக் காரணம், சிறிய குழுக்களுக்குச் சட்டமே விலக்களித்திருப்பது.

*

மாநகர சபைக் கூட்டத்தைப் பார்வையாளராக உட்கார்ந்து கேட்கலாம். வீதி ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவுக்கு என்று 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று பதில் வரவேண்டும்.

*

சொத்து வரியான சோலைவரியை ஜனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5. பிந்தினால் கழிவில்லை, நிலுவை வளர்ந்தால் ஆதனத்தையே தடைசெய்யச் சபைக்கு அதிகாரம் உண்டு.