மேடு பள்ளம் – 11: குறைந்ததை நிரப்புவது மாற்றுவதாகாது

சென்ற வாரம் ஏர் ஃபில்டரில் சேரும் மண்ணைப் பார்த்தோம். அது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. இந்த வாரம் பார்க்கப்போவது கண்ணில் படாமல் எஞ்சினைத் தின்பது. 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 காற்றாலும் ஆயிலாலும் குளிர்ந்தது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 அப்படியல்ல; ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் வைத்து அந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வண்டி அது. ஆயில், செயின், ஸ்பார்க் பிளக் என்று பராமரித்துப் பழகிய பலர் கையில் இப்போது முதன்முறையாக ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: கூலன்ட் குறைந்தால் ஊற்று, குறையாவிட்டால் விட்டுவிடு. எந்த வண்டிக்கும் இந்த விதி தவறு. மண்ணிலும் மலையிலும் ஓடும் வண்டிக்கு இரட்டிப்புத் தவறு என்பதே என் வாதம்.

கூலன்ட் என்ற பெயரே பாதி வேலையைத்தான் சொல்கிறது. எத்திலீன் கிளைக்காலும் நீரும் ஏறக்குறைய சரிபாதி, அதோடு உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் சில ரசாயனங்கள் சிறிதளவு. இவ்வளவுதான் அந்தத் திரவம். லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சாதாரணமாக வேலை செய்யும் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைப்பதால் அந்தக் கொதிநிலை 110 டிகிரியைத் தாண்டுகிறது; கிளைக்கால் அதை இன்னும் சில டிகிரி உயர்த்துகிறது. அதே மலையில் இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து ரேடியேட்டரைப் பிளக்கும். சரிபாதிக் கலவையோ மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். பகலில் கொதிப்பையும் இரவில் உறைவையும் ஒரே திரவம் தடுக்கிறது. இந்த இரண்டு குணங்களும் சீக்கிரம் போய்விடுவதில்லை. சீக்கிரம் தீர்வது மூன்றாவது குணம், அரிப்புத் தடுப்பு.

ரேடியேட்டர், சிலிண்டர் ஹெட், பம்பு மூடி எல்லாமே அலுமினியமோ அதைவிட எளிதில் அரிபடும் மெக்னீசியமோதான். சூட்டிலும் காற்றுப் படுவதாலும் கிளைக்கால் மெல்ல மெல்லச் சிதைந்து அமிலமாகிறது. கூலன்ட்டில் சேர்த்திருக்கும் ரசாயனங்கள் அந்த அமிலத்தை முறித்து, உலோகத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து, அந்த வேலையிலேயே தாங்களும் தீர்ந்துபோகின்றன. தீர்ந்த பிறகும் திரவம் பச்சையாகவோ நீலமாகவோ பளிச்சென்றுதான் இருக்கும். நிறம் வெறும் சாயம், அது கூலன்ட்டின் வகையையும் சொல்லாது, வயதையும் சொல்லாது. கிளைக்கால் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி மெக்கானிக்குகளிடம் உண்டு. அதுவும் காப்பு எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது. ஆகவே பார்த்துவிட்டு ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று முடிவு கட்டுவதற்கு ஆதாரமே இல்லை. கணக்கு வைத்துத் தேதிப்படி மாற்றுவது ஒன்றே வழி.

மண்பாதை வண்டியில் இந்தக் கணக்கு ஏன் வேகமாக ஓடுகிறது? காரில் ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் திரவம் இங்கே ஒரு லிட்டர் சொச்சம்தான். மணலிலும் சேற்றிலும் வண்டி முதல் கியரில் ஊர்கிறது. ரேடியேட்டர் மேல் காற்று வீசுவதில்லை, இடுக்குகளில் சேறு அப்பிக்கொள்கிறது. பந்தய ரக வண்டிகள் பலவற்றில் ஃபேனும் கிடையாது, வழியும் கூலன்ட்டைப் பிடித்துத் திரும்பக் கொடுக்கும் சிறு டேங்கும் கிடையாது. கொதித்து வெளியேறியது ஹோஸ் வழியே தரையில் கொட்டிப் போய்விடும். 1.2 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 200 மில்லி கொட்டிப்போய் அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் காப்பில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. மூன்று முறை இப்படி நடந்தால் 42 சதவீதம் போயிற்று. சரிபாதியாக இருந்த கிளைக்கால் 29 சதவீதமாகிவிடும். ரேடியேட்டரில் அளவு மட்டும் குறையாமல் நிற்கும். டேங்க் உள்ள வண்டியில் மாதக்கணக்கில் ஆவியாகிக் குறைந்தது பெரும்பாலும் நீர்தான் என்பதால் அதற்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதில் தப்பில்லை. கொதித்தோ விழுந்தோ கொட்டியதற்குத்தான் அது பொருந்தாது.

வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிட நன்றாகக் குளிர்விக்கும் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 கிலோஜூல் வேண்டும். சரிபாதிக் கலவைக்கு ஏறக்குறைய 3.4 போதும். சிந்தினால் பாதை வழுக்கும் என்பதால் பல பந்தய ஓடுதளங்களில் கிளைக்காலுக்கு அனுமதியே இல்லை. அங்கே தண்ணீரும் அரிப்புத் தடுப்பானும் ஊற்றி ஓட்டுகிறார்கள். ஆனால் அந்த எஞ்சின்களை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது. நம் வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? நம் ஊரில் தண்ணீர் என்றால் பல இடங்களில் போர் தண்ணீர். குழாயிலும் கெட்டிலிலும் வெள்ளையாக அடைபிடிக்கும் அதே சுண்ணாம்பு சிலிண்டரைச் சுற்றிய பாதையிலும் படியும். படிந்த இடத்தில் வெப்பம் கடக்காது. நன்றாகக் குளிர்விக்கும் என்று ஊற்றிய தண்ணீரே கடைசியில் குளிரவிடாமல் செய்துவிடும். இன்னொரு வாதம் கம்பெனிக் கையேட்டைக் காட்டுவது: அதில் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, சிலவற்றில் அதற்கும் மேல் என்று இருக்கும்போது ஏன் அவசரம்? கையேடு சொல்வது கொதிக்காமல், கொட்டாமல், கலப்படமாகாமல் ஓடும் வண்டிக்கு. ஒரு முறை கொதித்த வண்டிக்கு அந்தத் தேதி செல்லாது. அடிக்கடி மலையேறும் வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை என்று வைத்துக்கொள்வதே என் தீர்ப்பு. தேவைப்படுவது ஒன்றரை லிட்டர் கூலன்ட்டும், அலசுவதற்கு டிஸ்டில்ட் வாட்டரும், வடிக்கும் போல்ட்டுக்கு ஒரு வாஷரும்தான்.

மாற்றும் வேலையில் கண்டிப்பான விதி ஒன்று: எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டவுடன் திரவம் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். வாட்டர் பம்பு மூடியின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் கூலன்ட் வடியும். அதை வெள்ளைப் பாத்திரத்தில் பிடிப்பது நல்லது. பால்போல் இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது: ஹெட் கேஸ்கெட்டையோ பம்பு சீலையோ பார்க்க வேண்டும். பழுப்புத் துகள் என்றால் உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அது சேறு வடிய வைத்த துளை அல்ல, சீல் போனதைக் காட்டிக்கொடுக்க வைத்தது. அதில் கூலன்ட் கசிந்தால் புதிய கூலன்ட் ஊற்றுவது வீண், முதலில் சீல். தெளிவாக வடியும்வரை டிஸ்டில்ட் வாட்டரால் அலசுங்கள். கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். வகை மாறிக் கலந்தால் காப்பு கெடும், சில வேளை கூழாகத் திரளும். ஊற்றும்போது முன்சக்கரத்தை உயர்த்தி, மெல்ல ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து, வண்டியை இருபுறமும் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஹெட்டில் தங்கிய காற்றுக் குமிழி வெப்பத்தைக் கடத்தாது. சென்சார் அந்தக் குமிழியில் மாட்டினால் மீட்டர் பொய் சொல்லும். ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி அளவு பாருங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள். அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கர்துங் லாவில் மறுபடி கொதிப்புதான்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தை தொட்டு வாயில் வைக்கும். உடலுக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாகி, சிறுநீரகத்தில் படிகமாகி உயிரைப் பறிக்கும். சிறிய பிராணிக்குச் சில கரண்டியே போதும். குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து வைக்காமல், பெயரும் தேதியும் எழுதிய கேனில் இறுக மூடி, கழிவுகளை முறையாகச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில், ஆயிலோடு கலக்காமல் கொடுத்துவிடுங்கள். அதே தேதியை வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதி வையுங்கள்.