ஒப்புக்கு ஒருவரா, நம்மில் ஒருவரா?

காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும் பஸ்களில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் சீருடைகள் எல்லாவற்றையும் காணலாம். மாணவர்களைப் போலவே ஆசிரியர்களும் பெரும்பாலும் தத்தம் மொழிக்கும் சமூகத்துக்கும் உரிய பாடசாலைகளுக்கே செல்கிறார்கள். ஆனால் எல்லோரும் அப்படியல்ல. சிங்களப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை, முஸ்லிம் பாடசாலையில் சிங்களம் கற்பிக்கும் சிங்கள ஆசிரியை, பெண்கள் நிறைந்த ஆசிரியர் அறையில் ஓர் ஆண் ஆசிரியர் எனப் பலர் நடுவே தனித்து நிற்பவர்களும் உள்ளனர். அவர்கள் அங்கு எப்படி உணர்கிறார்கள் என்பதை அளந்தறிய முடியுமா?

"எங்களிடமும் ஒருவர் இருக்கிறார்" என்று காட்டுவதற்காக மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதை ஆங்கிலத்தில் டோக்கனிசம் என்பர். நாம் இதை 'ஒப்புக்குச் சேர்த்தல்' எனலாம். அமெரிக்கச் சமூகவியலாளரான ரோசபெத் மொஸ் கான்டர், ஒரு பெரிய கம்பனியில் பணியாற்றிய பெண்களை ஆராய்ந்து 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு குழுவில் 15 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவர்கள் மூன்று வகை அழுத்தங்களுக்கு ஆளாகிறார்கள் என்றார். இருபது பேர் உள்ள ஆசிரியர் அறையில் மூவர் என்றால் அது 15 சதவீதம்.

முதலாவது, எல்லோருடைய கண்ணும் அவர்மீதே இருக்கும். மற்றவர் தாமதித்து வந்தால் அது அவருடைய தாமதம். இவர் தாமதித்தால், "அந்த ஆட்களே இப்படித்தான்" என்ற பேச்சு. இரண்டாவது, பெரும்பான்மையினர் தமக்குள் மேலும் நெருங்கிக்கொள்வர். இவர் உள்ளே வந்ததும் பேச்சு மாறும். மூன்றாவது, அவருக்கென்று ஒரு வேடம் ஒதுக்கப்படும். கணித ஆசிரியையாக இருந்தாலும், பெருநாள் நிகழ்ச்சிக்கும் கடித மொழிபெயர்ப்புக்குமே அவரைத் தேடுவார்கள்.

2007இல் ஹில்டன் கெலி என்ற ஆய்வாளர் இக்கோட்பாட்டைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் வெள்ளையினத்தவர் மிகப் பெரும்பான்மையாக உள்ள பாடசாலைகளில் பணியாற்றும் கறுப்பின ஆசிரியர்களின் அனுபவங்களை அவர் ஆராய்ந்தார்.

அப்படியானால் தலைகளை எண்ணினால் போதாதா? போதாது. தாதியர், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் போன்ற, பெண்கள் மிகுந்த தொழில்களில் உள்ள ஆண்களை ஆராய்ந்த கிறிஸ்டின் வில்லியம்ஸ், 1992இல் நேர்மாறான ஒன்றை எடுத்துக்காட்டினார். அவர்களும் எண்ணிக்கையில் குறைந்தவர்களே. ஆனால் அந்தக் குறைவு அவர்களை ஒதுக்கவில்லை. பதவியில் மேலே தூக்கிவிட்டது. இலங்கையிலும் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்களே. ஆகவே நம் பாடசாலைகளில் தனித்து நிற்கும் ஆண் ஆசிரியரும் தனித்து நிற்கும் வேற்றுச் சமூக ஆசிரியையும் ஒரே நிலையில் இருப்பதாகக் கொள்ள முடியாது. அவர்களிடமே கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கான கருவி வினாக்கொத்து. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய முறைப்படி ஒரு கூற்றைக் கொடுத்து, 'முற்றிலும் உடன்படவில்லை' என்பதற்கு 1 முதல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதற்கு 5 வரை புள்ளியிடச் சொல்லலாம். "நீங்கள் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவரா?" என்று நேரே கேட்டால் எவரும் ஆம் என்று சொல்லத் தயங்குவர். "நான் பிழைவிட்டால் எனது சமூகத்தையே குறை சொல்வார்கள்", "எனது பாடத்தோடு தொடர்பில்லாத, எனது இனத்தோடு மட்டும் தொடர்புள்ள வேலைகள் எனக்குத் தரப்படுகின்றன" என்பன போல, ஒவ்வொரு கூற்றும் ஒரேயொரு அனுபவத்தைத் தொட வேண்டும். இதே கூற்றுகளைப் பெரும்பான்மை ஆசிரியர்களிடமும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் உள்ள வேலைப்பளுவையும் சிலருக்கு மட்டும் உள்ள பாரத்தையும் பிரித்தறியலாம்.

இங்கே இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று சராசரி. நாற்பது ஆசிரியர்களில் 37 பேர் "இங்கு எனது கருத்து மதிக்கப்படுகிறது" என்பதற்கு 5 இடுகிறார்கள், மூவர் மட்டும் 1 இடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4.7! அறிக்கையில் எல்லாம் நலம் என்றே இருக்கும். யாருக்காகக் கேட்டோமோ, அந்த மூவரின் குரல் அதில் கரைந்துபோகும். ஆகவே குழுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஆனால் அப்படிப் பிரிப்பதிலேதான் இரண்டாவது ஆபத்து இருக்கிறது. படிவத்தில் பால், இனம், பாடம் மூன்றையும் கேட்டுவிட்டால், பெயர் எழுதாவிட்டாலும் அந்த ஒரே முஸ்லிம் ஆசிரியை யாரென்று அதிபருக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தால் அவர் எல்லாவற்றுக்கும் 5 இட்டுவிட்டுப் போவார். எனவே ஒரு பாடசாலையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. கட்டுகஸ்தோட்டைக் கல்வி வலயம் போன்ற பரப்பில் பல பாடசாலைகளின் விடைகளை ஒன்றாகச் சேர்த்து, பாடசாலையின் பெயரின்றி முடிவுகளை வெளியிட வேண்டும். நிரப்பிய படிவம் முத்திரையிட்ட உறையில் நேரே ஆய்வாளரிடம் செல்ல வேண்டும்.

உயர்தரம் முடித்து ஆசிரியையாக வேண்டும் என்பது என் விருப்பம். நம் வகுப்பில் பலருக்கும் அதே எண்ணம்தான். நியமனக் கடிதத்தில் எந்தப் பாடசாலையின் பெயர் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. பர்தா அணிந்த ஒரே ஆசிரியையாக ஓர் ஆசிரியர் அறைக்குள் நாம் நுழைய நேரலாம். அங்கே நம்மிடம் இக்கேள்விகளை யாராவது கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், முஸ்லிம் பாடசாலைகளுக்குச் சிங்களம் கற்பிக்க வரும் ஆசிரியைகளிடமும் இதே கேள்விகளை இப்போதே கேட்க வேண்டும். அவர்கள் 1 இட்டால் அதைக் குறையாக எண்ணாமல் கேட்டுக்கொள்ளும் மனமும் நமக்கு வேண்டும்.