ஐஸ் ஹவுஸுக்கு ஜன்னல் வந்த கதை

மெரினா எதிரே நிற்கும் விவேகானந்தர் இல்லம், பலருக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பாதுகாக்க, வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1842-ல் கட்டிய கிடங்கு இது. இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது.

பிறகு வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார், ஜன்னல், வராந்தா எல்லாம் வைத்து வீடாக மாற்றினார். சூடு உள்ளே புகாமல் கட்டிய இடமாச்சே, மனுஷங்க இருக்கணும்னா காத்து வேணாமா?

1897-ல் விவேகானந்தர் தங்கியது தெரிந்த கதை. அதற்குப் பின் நடந்ததைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1917-ல் அரசு கட்டடத்தை வாங்கியது; சகோதரி சுப்புலட்சுமியின் விதவைகள் இல்லம் இங்கே குடிவந்தது. சிறுவயதிலேயே கணவரை இழந்து, 1911-ல் பட்டம் வாங்கியவர் அவர். எதிரே வந்தாலே அபசகுனம் என்று மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகள் இங்கே தங்கிப் படித்தார்கள். டீச்சர் வேலைக்கும் போனார்கள். ஆனால் ஒன்று, இது பிராமண விதவைகளுக்கான இல்லம். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1963-ல் பெயர் மாறியது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குப் போய், இப்போது உள்ளே கண்காட்சி நடக்கிறது.