சிலிண்டர் தலையைக் கழற்றுமுன்

1990 இல் வடக்கிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நம் மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளியையும் நெல் மூட்டையையும் ஏற்றிச் சென்றவை அக்கார்களே. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் தலையில் காபனாகப் படிந்தது. எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்தது. தலையைக் கழற்றிச் சுத்தம் செய்வது அன்று பலரும் பழகிய வேலையாயிற்று.

இன்றும் ஒரு மொறிஸ் மைனர் 1000 உங்களிடம் இருக்கலாம். தண்ணீர் குறைகிறதா? ஒயில் பால் நிறமாகிறதா? அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அமுக்கம் இல்லையா? கஸ்கற் எரிந்திருக்கக்கூடும். அவசரப்பட்டுக் கழற்றினால் தலை வளையும், கையும் சுடும். ஆகவே ஒழுங்குமுறையாகச் செய்வோம்.

1. எஞ்சின் முற்றாக ஆறவேண்டும். முதல்நாள் மாலையே நிறுத்திவிடுவது நல்லது. சூடாக இருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். சூட்டில் கழற்றிய தலையும் வளைந்துவிடும்.

2. பற்றரியில் காரின் உடலோடு இணைந்துள்ள வயரை முதலில் கழற்றுங்கள். அருகில் பீடியோ விளக்கோ வேண்டாம். பெற்றோல் குழாயில் வடிவதை ஒரு பாத்திரத்தில் பிடித்து வெளியே வையுங்கள்.

3. றேடியேற்றரிலும் எஞ்சினிலும் உள்ள தண்ணீரை வடியுங்கள். இதைத் தவறவிட்டால் நீர் சிலிண்டருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் இறங்கும். குளிர்நீரில் மருந்து கலந்திருந்தால் அது இனிப்பான நஞ்சு. பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

4. பிளக் வயர்களுக்கு 1 முதல் 4 வரை இலக்கமிட்டு எடுங்கள். காபரேற்றர், புகைக்குழாய், மேல் ஹோஸ் ஆகியவற்றை அகற்றுங்கள்.

5. இதுவே முக்கியமான படி. றொக்கர் தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளுள் நான்கு, தலையையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அவற்றை மட்டும் கழற்றினால் தலை ஒருபக்கம் இழுபட்டு வளையும். எல்லா நட்டுகளையும் ஓரத்திலிருந்து நடு நோக்கி, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

6. எட்டு புஷ்றொட்டுகளையும் மெல்லத் திருகி எடுங்கள். ஒரு மட்டையில் எட்டுத் துளையிட்டு, வரிசை மாறாமல் குத்தி வையுங்கள்.

7. தலை ஒட்டிக்கொண்டிருந்தால் இடையில் திருப்புளியை நுழைக்கவேண்டாம். ஒரு கீறலே பிறகு நீர் கசிய வழியாகும். பக்கத்தில் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். தலை பாரமான வார்ப்பிரும்பு. இருவர் சேர்ந்து நேர்மேலாகத் தூக்கி, பலகையில் வையுங்கள்.

பழைய கஸ்கற்றில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு சுவாசப்பையில் தங்கிப் பல ஆண்டுகளின் பின்னும் கொடிய நோய் தரும். உலரச் சுரண்டாமல் நீரால் நனைத்து எடுத்து, பையிலிட்டுக் கட்டுங்கள். ஊதவோ எரிக்கவோ வேண்டாம். வால்வுச் சுருளிவில்லை அதற்குரிய கருவி இல்லாமல் கழற்றவேண்டாம். தெறித்தால் கண் போய்விடும்.

சிலிண்டர் துளைகளைச் சுத்தமான துணியால் மூடிவிட்டுக் காபனை எடுங்கள். நேரான இரும்புச் சட்டத்தைத் தலையின் முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இடைவெளி தெரிந்தால் தலையைப் பட்டறையில் சீவவேண்டும். வளைந்த தலையில் புதிய கஸ்கற் போடுவது வீண்செலவு.

திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். இவ்வகை எஞ்சினுக்கு 40 இறாத்தல்-அடி போதும். இறுக்கத்தை அளக்கும் சாவி இல்லாவிட்டால் ஒருநாள் இரவல் வாங்குங்கள். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம். இரவல் சாவிக்காக ஒருநாள் காத்திருப்பது, இன்னொரு தலை தேடி அலைவதிலும் மேல்.