பிள்ளை பள்ளியில் என்ன செய்கிறது? போய்ப் பார்த்தோமா?



பள்ளிகொண்டா பக்கத்தில் நம் குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறோம். வாராந்திரக் கூட்டத்தில் ஒரு அக்கா 15,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதுக்குன்னு கேட்டோம். "பையன் மூணாவது படிக்கிறான். ஒரு வரி படிக்கத் தெரியல. பள்ளிக்கூடத்துல பாட்டும் விளையாட்டும்தான் நடக்குது. வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறேன்" என்றார்.

கடன் தருவதற்கு முன் பள்ளியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று தீர்மானம் போட்டோம். அந்த அக்காவுடன் நாங்கள் ஐந்து பேர் போனோம்.

விளையாட்டா, படிப்பா?

சின்னப் பள்ளிக்கூடம். இரண்டு டீச்சர், ஒன்று முதல் ஐந்து வரை 31 பிள்ளைகள். தரையில் வட்டமாக உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் விளையாட்டுதான். ஆனால் 34 என்றால் மூணு பத்து, நாலு ஒண்ணு என்பது கையில் எடுத்துக் கட்டும்போதுதான் பிள்ளைக்கு விளங்குகிறது.

இந்த முறை புதிதல்ல. 2007 முதலே தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துச் 'செயல்வழிக் கற்றல்' நடந்தது. கொரோனாவில் பள்ளி மூடியதால் பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனார்கள். அதைச் சரிசெய்ய 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் எந்த வகுப்பு என்று பார்க்காமல், எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்தார்கள். மூணாவது படிக்கும் பிள்ளை அரும்பில் இருந்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதானே ஏற முடியும்!

அப்படியானால் அந்தப் பையன் ஏன் ஏறவில்லை?

டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். முந்தைய மாதம் 22 நாளில் 9 நாள் அவன் வரவில்லை. அந்த அக்காவுக்கே அது தெரியாது. ஷூ கம்பெனி பஸ் காலை 7 மணிக்கே வந்துவிடும். இரண்டு வயது தங்கச்சியை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ என்று சொல்லிவிட்டுப் போவார். ஆயாவுக்கு உடம்பு முடியாத நாளில் பையனே தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவான். அக்கா அங்கேயே அழுதுவிட்டார்.

கடனால் தீராத பிரச்சனை இது. வேன் வந்தாலும் தங்கச்சியை யார் பார்ப்பது? வீட்டிலேயே பீடி சுற்றும் நம் குழு உறுப்பினர் ஒருவர், அங்கன்வாடி திறக்கும் வரை குழந்தையை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். பையன் தினமும் வருகிறான். இன்னும் சரளமாகப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். கடன் மனுவை அக்கா திரும்ப வாங்கிக்கொண்டார்.

காலைச் சாப்பாடு

விடியலில் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இன்னொரு கவலை, பிள்ளையின் வயிறு. மதிய உணவு காமராசர் காலத்தில் 1956-ல் தொடங்கி, 1982-ல் சத்துணவாக விரிந்தது. ஆனால் காலையில் பட்டினியாக வந்த பிள்ளைக்கு மதியம் வரை பாடம் எப்படி ஏறும்? 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15-ல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அங்கே உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கிண்டும் கைகள் நம்மைப் போன்ற குழுப் பெண்களின் கைகள் என்பது நமக்குப் பெருமை.

நமக்கு என்ன உரிமை?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும் இந்தக் குழுவின் வேலை. சேமிப்புக் கணக்கு பார்க்கும் நமக்கு இது கஷ்டமா?

இந்த மாதம் செய்ய வேண்டியவை:

1. ஒரு நாள் பள்ளிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.
2. பிள்ளை எத்தனை நாள் வந்தது, எந்த நிலையில் படிக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள்.
3. மேலாண்மைக் குழுவில் உங்கள் ஊரில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வீட்டுக்காரரை அனுப்பாமல் நீங்களே போங்கள்.
4. படிப்புக்குக் கடன் கேட்டு யாராவது வந்தால், பணம் எண்ணும் முன் காரணத்தைப் பேசுங்கள்.

தனியார் பள்ளியில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் விருப்பம். ஆனால் பக்கத்துப் பள்ளியின் வாசலைக் கூட மிதிக்காமல் அதைக் குறை சொல்ல வேண்டாம். நம் பிள்ளைகள் குறைந்தால் அந்தப் பள்ளியும் குறையும். நாம் போய் நின்றால் அது நிற்கும்.