கார்டில் எழுதக்கூடாதது

சித்தி இறந்தபின் அவளது ட்ரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது ஒரு பழைய அஞ்சலட்டை கிடைத்தது. பதினைந்து பைசா கார்டு. 1984இல் சங்கரன்கோவிலிலிருந்து அவளுக்குப் போனது. கையெழுத்து என்னுடையது, அப்போது எட்டாம் வகுப்பு. சொன்னவள் ஆச்சி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

'நலம், நலமறிய அவா. தறி ஓடுகிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஆடித்தபசுக்கு அவசியம் வரவும்.'

ஆச்சி சொன்னது இதுவல்ல. "அடிச்சாம்னா பிள்ளையத் தூக்கிட்டு வந்துரச் சொல்லுல" என்றாள். தறிக்குழியிலிருந்து மாமா சத்தம் போட்டார்: "கார்டுல அதெல்லாம் எழுதப்படாது. போஸ்ட்மேன் படிப்பான், மாப்ள படிப்பாரு."

1879 ஜூலையில் காலணாவுக்கு இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது. ஏழை வீடுகளுக்கும் தபால் கைக்கெட்டியது. ஆனால் உறை கிடையாது. மடித்து ஒட்டுகிற இன்லண்டுக்குக் கூடுதல் காசு வேண்டும். ஆக, அந்தரங்கம் என்பது எல்லோருக்கும் வாய்த்த உரிமையாக இருக்கவில்லை; காசு கொடுத்து வாங்கவேண்டிய பண்டமாக இருந்தது. வாங்க முடியாதவர்கள் வேறொரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. சாவுச் சேதி என்றால் படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்றால் அடி தெரியும் என்று பொருள். 'தபசுக்கு வா' என்றால் புகுந்த வீடு மறுக்கத் தயங்குகிற ஒரு காரணத்தை அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். கோமதியம்மனின் திருவிழாவுக்கு மகளை அனுப்பமாட்டேன் என்று யார் சொல்வது?

தெரிதா 1980இல் வெளியிட்ட 'அஞ்சலட்டை' நூல், ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கண்ட ஒரு படத்தைச் சுற்றிச் சுழல்கிறது. எதுவும் எழுதி வைக்காத சாக்ரடீஸ் அதில் உட்கார்ந்து எழுதுகிறார்; பிளேட்டோ பின்னால் நின்று விரல் நீட்டுகிறார். யார் சொல்ல யார் எழுதுகிறார்கள் என்ற குழப்பம் தெரிதாவுக்கு ஒரு தத்துவச் சிக்கல். எங்கள் வீட்டுத் திண்ணையில் அதற்கு விடை இருந்தது: சொன்னவள் ஆச்சி, தணிக்கை செய்தவர் மாமா, கீழ்ப்படிந்தவன் நான்.

குடும்பக் கடிதங்களை அன்றாட வாழ்வின் ஆவணம் என்று இன்று சேகரிக்கிறோம். சேகரிக்க வேண்டியதுதான். ஆனால் எழுதியதை மட்டும் வாசித்தால் நாம் மாமாவின் பக்கம் நின்று வாசிக்கிறோம். பெண்களின் பேச்சு எழுத்தாக மாறும் வழியில் எங்கே வெட்டுப்பட்டது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் தபசுக்குச் சித்தி பிள்ளையோடு வந்தாள். ஆவணி பிறந்தும் போகவில்லை. நான் எழுதாமல் விட்டதை அவள் சரியாகவே வாசித்திருந்தாள்.